கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்?

தெருநாய்ப் பேச்சு வராத டீக்கடை இன்று மயிலாப்பூரில் இல்லை. ஒருவர் நீதிமன்றத்தைத் திட்டுவார், இன்னொருவர் நாய்க்குச் சோறு வைக்கிறவர்களைத் திட்டுவார், மூன்றாமவர் பொதுவாக மாநகராட்சியைத் திட்டிவிட்டு டீயைக் குடிப்பார். தி.நகரிலிருந்து வரும் என் நண்பர், ஓய்வு பெற்ற வங்கிக்காரர், வேறு மாதிரி கேட்டார்: “பிடிக்கணும், ஊசி போடணும், ஆபரேஷன் பண்ணணும்னு ஆளாளுக்குச் சொல்றாங்க சார். யார் பண்றது? அதுக்கு டாக்டர் இருக்காங்களா?”

சரியான கேள்வி. ஆனால் இருக்கிறார்கள், இல்லை என்று ஒரு சொல்லில் முடியாது. அதனால் இன்னொரு டீ சொன்னோம்.

இந்த நாட்டில் விலங்கு சம்பந்தமான எந்தச் சட்டத்தை எடுத்தாலும் அது கடைசியில் ஒரு கால்நடை மருத்துவரின் கையெழுத்தில் வந்து நிற்கும். பொங்கலுக்கு அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலுக்குள் போகும் முன் காளைகளை அவர்தான் பார்க்க வேண்டும். லாரியில் மாடு ஏற்றினால், பயணத்தைத் தாங்கும் என்று அவர் சான்று தர வேண்டும். 1978ஆம் ஆண்டு விதி அது. கோடம்பாக்கத்துப் படத்தில் ஒரு குதிரை ஓட வேண்டுமா? அதற்கும் சான்று. அடையாறில் ஒரு வீட்டில் லாப்ரடார் வளர்க்க மாநகராட்சி உரிமம் வேண்டுமென்றால், வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்கான சான்று வேண்டும். தெருநாய்க் கருத்தடைக்கு 2023 மார்ச்சில் மத்திய அரசு புது விதிகள் கொண்டுவந்தது. அறுவை மேசையில் நிற்பவர் மருத்துவர்தான்.

2025இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகளையும் இப்படியே பாருங்கள். ஆகஸ்ட் 11இல், டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்றது. ஆகஸ்ட் 22இல் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றது. வழக்கை நாடு முழுவதற்கும் விரித்தது. நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. ஊர் முழுக்க இது சரியா தவறா என்று சண்டை போட்டது. எந்த நாய் மூர்க்கமானது, எதற்கு வெறிநோய் என்று யார் சொல்வது? காப்பகத்தில் நூற்றுக்கணக்கில் அடைத்தால், அங்கே டிஸ்டம்பரும் பார்வோவும் பரவாமல் யார் பார்ப்பது? அந்த ஆளின் தலையை யாரும் எண்ணவில்லை.

எண்ணிய சட்டம் ஒன்று உண்டு. நண்பருக்கு இது பிடிக்கும் என்று தெரிந்தே சொன்னேன். 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளில், வெட்டுக்கு முன் ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது, நாளுக்கு 96க்கு மேல் கூடாது என்று இருக்கிறது. ஒரு விலங்குக்கு ஐந்து நிமிடம், எட்டு மணி நேர வேலை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, மருத்துவருக்கும் இரண்டு கைதான், ஒரு நாளுக்கு இத்தனை மணிதான் என்று யோசித்து எழுதியிருக்கிறார். நடைமுறையில் எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை. இப்படி மனிதரின் கையை அளந்து எழுதிய விலங்கு விதியை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, அதே முறையில் சென்னை நாய்களுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். நண்பர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

2024 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். 2018இல் இது 60 ஆயிரத்துக்குள் இருந்தது. 2024இல் கருத்தடை ஆனவை நூற்றுக்கு 27 அளவுதான். பெருக்கம் நிற்க வேண்டுமானால் ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்களுக்காவது கருத்தடை ஆகியிருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் அளவு. அப்படியானால் 1.26 லட்சம் ஆக வேண்டும்; ஆனவை 49 ஆயிரம் என்று வையுங்கள்; பாக்கி 77 ஆயிரம். பெண் நாய்க்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சினைப்பைகளையும் எடுக்க வேண்டும், அது சின்ன வேலையில்லை. கை தேர்ந்த மருத்துவர் ஒருவர், ஆணும் பெண்ணும் கலந்து நாளுக்கு 15 என்று நிதானமாக வைத்துக்கொண்டால், ஆண்டில் 250 வேலை நாளுக்கு 3,750. 77 ஆயிரத்தை அதனால் வகுத்தால் இருபதுக்குச் சற்று மேல். அதாவது இருபது மருத்துவர்கள் வேறெதுவும் செய்யாமல் ஓர் ஆண்டு. அல்லது ஏழு பேர் மூன்று ஆண்டு.

“இவ்வளவுதானா?” என்றார் நண்பர். அவருக்கு ஏமாற்றம். பெரிய தொகை வரும் என்று எதிர்பார்த்திருந்தார்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டால், மீதியுள்ள பெண் நாய்கள் அதற்குள் சும்மா இருக்காது. ஆண்டுக்கு இரண்டு ஈற்று வரை போடும், ஈற்றுக்கு நாலைந்து குட்டிகள். குட்டிகளில் பெரும்பாலானவை சாகும், தப்புகிறவை போதும். அறுவையின் வேகம் பிறப்பின் வேகத்தைவிடக் குறைந்தால் செலவழித்தது முழுக்க வீண். அதனால் மெதுவாக நடக்கும் கருத்தடைத் திட்டம் அரைகுறை வெற்றிகூட இல்லை, சுத்தத் தோல்வி. மாநகராட்சிக்குக் கண்ணம்மாபேட்டையில் ஒரு மையம், லாயிட்ஸ் காலனியில் ஒன்று, புளியந்தோப்பில் ஒன்று என்று பல இடங்களில் மையங்கள் இருக்கின்றன. கட்டடம் இருப்பது நல்லது. மேசையில் மருத்துவர் ஒருவர் ஒரு மாதம் இல்லையென்றால் கட்டடம் பிறப்பைத் தடுக்காது.

தடுப்பூசி இன்னொரு வேலை. வெறிநாய்க்கடியால் உலகில் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாய்களில் 70 சதவீதத்துக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் நோயின் சங்கிலி அறும். 2030க்குள் நாய் வழி வெறிநோயால் மனித மரணமே இருக்கக் கூடாது என்று 2021இல் தேசியச் செயல் திட்டம் அறிவித்தார்கள். ஊசிக்கு மருத்துவர் ஒவ்வொரு நாயின் பக்கத்திலும் நிற்க வேண்டுமா என்பதில் சண்டை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னைக்கு இருபது பேர் போதுமென்றால், ஆள் பஞ்சம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பட்டம் வாங்கியவர்களுக்குப் பஞ்சம் என்று சொல்ல மாட்டேன். வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. 1985இல் நாமக்கல் வரும்வரை மாநிலத்துக்கே அது ஒன்றுதான். 1989இல் நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இங்கே வந்தது. பிறகு திருநெல்வேலி, ஒரத்தநாடு. அதன் பிறகு தலைவாசல், உடுமலை, தேனி. இன்று ஏழு அரசுக் கல்லூரிகள். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓர் ஆண்டுப் பயிற்சி. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் போட்டி போட்டுச் சேருகிறார்கள்.

வெளியே வந்ததும் என்ன ஆகிறது? 2019 நவம்பரில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 1,141 கால்நடை உதவி மருத்துவர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் தேர்வு. பணி ஆணை கைக்கு வருவதற்குள் ஆட்சியே மாறிவிட்டது. இதை யாருடைய குற்றமாகவும் நான் சொல்லவில்லை. இந்தத் தாமதம் எல்லா ஆட்சிக்கும் சொந்தம். ஆனால் பாருங்கள், ஆயிரத்துக்கு மேல் இடங்கள் ஒரே நேரத்தில் காலியாகக் கிடந்தன. அதே நேரத்தில் படித்தவர்கள் வேலைக்குக் காத்திருந்தார்கள். காத்திருக்கிறவர் சும்மா இருக்க முடியுமா? கோழிப்பண்ணைக்குப் போவார், தீவனக் கம்பெனிக்குப் போவார், மருந்துக் கம்பெனிக்குப் போவார், வங்கித் தேர்வு எழுதுவார். (“எங்க பேங்க்லயே ரெண்டு பேர் இருந்தாங்க, கிராமக் கடன் பார்த்தாங்க” என்றார் நண்பர்.) கொஞ்சம் கையில் காசும் தைரியமும் உள்ளவர் அடையாறிலோ தி.நகரிலோ செல்லப் பிராணிகளுக்கான கிளினிக் வைப்பார். அது அவர் உரிமை. ஆனால் தெருநாய் மையத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் வாருங்கள், விடுப்பு கிடையாது, அடுத்த ஆண்டு இருக்குமா தெரியாது, நாய் யாரையாவது கடித்தால் உங்கள் பொறுப்பு என்று கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள்?

இன்னொன்று. காலியிடம் வேறு, தேவை வேறு. காலியிடம் என்பது அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நாற்காலியில் ஆள் இல்லாதது. நாற்காலியே போடாத இடத்துக்கு என்ன பெயர்? 1976இல் தேசிய வேளாண் ஆணையம் 5,000 கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர் என்று ஓர் அளவு சொன்னது. 2019 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாடு 95 லட்சம், எருமை 5 லட்சம். தலைக்கு ஓர் அலகு என்று வைத்தால், மாட்டுக்கும் எருமைக்கும் மட்டுமே 2,000 மருத்துவர்கள் வேண்டும். 99 லட்சம் வெள்ளாடு, 12 கோடிக் கோழி எல்லாம் அதற்கு மேல். அந்த அளவு வகுத்த காலத்தில் வீட்டில் நின்றது பெரும்பாலும் நாட்டு மாடு. இன்று நிற்கிறது கலப்பினப் பசு. அதற்கு மடிவீக்கம் வரும், சினை பிடிக்காது, கால்சியம் இறங்கிப் படுத்துவிடும். ஒரு மாட்டுக்கு மருத்துவர் தரவேண்டிய நேரம் கூடிவிட்டது, அளவு மட்டும் அப்படியே நிற்கிறது.

மாட்டுக்கு ஆகும் நேரத்தைச் சென்னையிலேயே பார்க்கலாம். 2019 அக்டோபரில் வேப்பேரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் பல மருத்துவர்கள் நின்று செய்த அறுவை. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல்தான் தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்திருந்தது. எடுத்ததெல்லாம் தடைக்கு முன் தின்றதாகவும் இருக்கலாம், பின் தின்றதாகவும் இருக்கலாம். மாடு பில் வைத்துக்கொள்வதில்லை. மாட வீதிகளில் எச்சில் இலையும் பையுமாக மேய்கிற ஒவ்வொரு மாடும் வருங்காலத்தில் யாரோ ஒரு மருத்துவரின் அரை நாள். குப்பையைப் பற்றி முடிவு எடுக்கிறவர் அந்த அரை நாளைத் தன் கணக்கில் எழுதுவதில்லை.

இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்? இங்கேதான் இந்த ஊரின் சரித்திரம் விசித்திரமாக இருக்கிறது.

விலங்கு நலன் என்று இந்தியாவில் நாம் இன்று பேசுவதில் பெரும் பகுதி தென்சென்னையில் உருவானது. திருவான்மியூர் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி தந்ததும் திரும்பப் பெற்றார். அதன் விளைவுதான் 1960ஆம் ஆண்டுச் சட்டம். 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே தலைவர். 1986இல் மறையும்வரை இருந்தார். வாரியத்தின் தலைமை அலுவலகமும் சென்னையில்தான் இருந்தது, 2018இல் ஹரியானாவுக்குப் போகும்வரை. கேப்டன் வி. சுந்தரம், அவர் மனைவி உஷா சுந்தரம், மகன் சின்னி கிருஷ்ணா ஆகியோர் 1959இல் தொடங்கியது புளூ கிராஸ். நாயைக் கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள் என்று அவர்கள் 1964 முதல் சொன்னார்கள். மாநகராட்சி கேட்டது 1996இல். நடுவில் முப்பத்திரண்டு ஆண்டு மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தோம், நாய்களின் எண்ணிக்கை குறையவும் இல்லை.

இப்போது இவர்களின் தொழிலைப் பாருங்கள். ஒருவர் நாட்டியக் கலைஞர். சுந்தரமும் உஷாவும் விமானிகள். சின்னி கிருஷ்ணா பொறியாளர். கொள்கையை இழுத்துக்கொண்டு போன முன்வரிசையில் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் இந்த அமைப்புகளில் வேலை செய்தார்கள், ஆயிரக்கணக்கில் அறுத்தார்கள், தைத்தார்கள். ஆனால் சட்டத்தை எழுதும் மேசையில் பேசியது வேறு ஆட்கள்.

மருத்துவர்களுக்குக் குரல் இல்லாமலா இருந்தது? 1924 முதல் இந்தியக் கால்நடை மருத்துவ இதழ் சென்னையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அதன் அலுவலகம் நந்தனம் சேமியர்ஸ் சாலையில். கால்நடைத் துறை இயக்குநரகமும் நந்தனத்திலேயே. சங்கங்கள் உண்டு, போராட்டங்கள் உண்டு. ஆனால் அவர்கள் பேசியது இரண்டைப் பற்றி: ஆய்வு, சம்பளம். இரண்டும் நியாயம். எங்களுக்கும் ஆங்கில மருத்துவர்களுக்குச் சமமாகப் பயிற்சி ஊதியம் கொடு என்று மாணவர்கள் கேட்பது நியாயத்திலும் நியாயம். அஞ்சரை ஆண்டு இவர்களும்தான் படிக்கிறார்கள். ஆனால் டீக்கடையில் நிற்கிறவருக்கு அது இன்னொரு ஊழியர் கோரிக்கை. அவர் பேப்பரைத் திருப்பிவிடுவார். “இந்த நாற்காலி காலியாக இருந்தால் உங்கள் தெருவில் இத்தனை நாய்க்கு ஊசி போட முடியாது” என்று சொன்னால் நின்று கேட்பார். நல ஆர்வலர் கருணையைப் பேசினார், மருத்துவர் ஊதியத்தைப் பேசினார், இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் எழுதிய ஆள் இல்லை. என் குறை இதுதான்.

பிரிட்டனில் அப்படி எழுதினார்கள். அங்கே இறைச்சிக்கூடங்களில் சான்று தரும் மருத்துவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெளிநாட்டில் படித்தவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் பேச்சு வந்ததும் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கம், எங்களுக்குக் கஷ்டம் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட ஆள் இல்லையென்றால் உங்கள் இறைச்சி துறைமுகத்தைத் தாண்டாது என்று சொன்னது. 2019இல் கால்நடை மருத்துவர்கள் ஆள் தட்டுப்பாடுள்ள தொழில்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அமெரிக்காவில் எந்த வட்டாரத்தில் எந்த வகைக் கால்நடை மருத்துவர் இல்லை என்று மாநிலவாரியாக ஆண்டுதோறும் குறித்து, அங்கே போய் வேலை செய்கிறவரின் கல்விக் கடனை வேளாண் துறை அடைக்கிறது. தட்டுப்பாட்டுக்கு வரைபடம் இருக்கிறது. இங்கே ஒரு வட்டாரத்தில் மருத்துவர் இல்லை என்பது, மாடு ராத்திரி கன்று போட முடியாமல் முக்கும்போதுதான் மாட்டுக்காரருக்குத் தெரிகிறது.

கடைசியாக, மருத்துவர்களோடு எனக்கு உள்ள சண்டை. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவு பெற்றவர் மட்டுமே சிகிச்சை செய்யலாம் என்கிறது. பட்டயமோ சான்றிதழோ உள்ளவர், மருத்துவரின் மேற்பார்வையில் சில சிறு சேவைகள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்று ஒரு வழியும் வைத்திருக்கிறது. அந்த வழியை அகலப்படுத்தும் பேச்சு எழும்போதெல்லாம் சங்கங்கள் எதிர்க்கின்றன. பயம் பொய்யில்லை. கிராமத்தில் சினை ஊசி போட வந்தவர் நாளடைவில் ஆன்டிபயாடிக் போடுவார், பிறகு வயிற்றையும் கிழிப்பார். செத்த மாட்டுக்கு யார் பதில் சொல்வது? அறுவையில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது, அதில் அவர்கள் பக்கம்தான் நான்.

ஆனால் தடுப்பூசியில் இல்லை. கோவாவில் மிஷன் ரேபிஸ் என்ற அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து, பயிற்சி பெற்ற பிடிப்பாளர்களும் ஊசி போடுபவர்களுமாகக் குழுக்கள் அமைத்து, தெருத் தெருவாகப் போய், போட்ட ஒவ்வொரு நாயையும் செல்பேசியில் பதிந்து, ஆண்டுக்கு லட்சம் நாய் அளவுக்கு ஊசி போட்டார்கள். 2021இல் நாட்டிலேயே முதல் வெறிநோய்க் கட்டுப்பாட்டு மாநிலம் என்ற அறிவிப்பு வந்தது. சென்னையில் ஒரு குழு நாளுக்கு நூறு நாய்க்குப் போடும் என்றால் ஐந்து குழுக்கள் ஓர் ஆண்டில் 1.25 லட்சம், அதாவது கிட்டத்தட்ட வேண்டிய 70 சதவீதம், முடித்துவிடும். ஐந்து குழுவுக்கும் மேலே இரண்டு மருத்துவர்கள் இருந்து குளிர்பெட்டியையும் மருந்தையும் பதிவேட்டையும் பார்த்தால் போதும். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பட்டதாரி நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அறுவை மேசைக்குப் போக வேண்டிய கை ஊசிக்குப் போகும்.

கருத்தடைக்கு ஏழு, தடுப்பூசிக்கு இரண்டு, அறுவைக்குப் பின் நாய்களைப் பார்க்கவும் கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கவும் ஐந்து, விடுப்புக்கும் நோவுக்கும் மாற்றாக ஓர் ஐந்தாறு. நண்பர் கூட்டிப் பார்த்தார், மறுபடி இருபது. மாதச் சம்பளத்தோடு, ஒப்பந்தம் இல்லாமல், நிரந்தரமாக. வேப்பேரியில் ஒரே ஆண்டில் வெளியே வருகிறவர்களில் இது ஒரு சிறு பங்குதான். மாநகராட்சியின் அடுத்த பட்ஜெட்டில் எத்தனை மையம், எத்தனை வண்டி, எத்தனை கூண்டு என்று வரிகள் இருக்கும். இந்த இருபது பேருக்கு ஒரு வரி இருக்கிறதா என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம்.